ஒலிச்சுவரும் கார் டிக்கியும்

2021 ஜூலை. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கு. கொரோனா கட்டுப்பாட்டால் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. வெறிச்சோடிய அந்த அரங்கில் பிரேசிலின் ரெபேக்கா ஆண்ட்ராடே தரைப்பயிற்சிக்கு வந்து நின்றார். முதலில் பாஹ்கின் ஆர்கன் இசை முழங்கியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு முரட்டுத் தாளம் உள்ளே நுழைந்தது. எம்சி ஜோவாவோ 2015-இல் வெளியிட்ட ‘பைலி டி ஃபவேலா’. சாவோ பாலோவின் ஃபவேலாக்களை, அதாவது ஏழைக் குடியிருப்புகளை, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பெருமைப்படும் பாட்டு அது. ஒட்டுமொத்தப் பிரிவில் ரெபேக்கா வெள்ளி வாங்கினார். 2024-இல் பாரிஸ். நிரம்பி வழிந்த அரங்கு. இம்முறை பியான்சேயின் பாட்டோடு அனிட்டாவின் ‘மொவிமென்டோ டா சான்ஃபோனின்யா’வைச் சேர்த்து ஆடி, தரைப்பயிற்சியில் தங்கம் வென்றார். அனிட்டா ரியோ டி ஜெனிரோவின் வடபகுதிப் புறநகரில் வளர்ந்தவர்.

வெளியுலகம் இந்த இரண்டு பாட்டுகளையும் ‘பிரேசில் ஃபங்க்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. ரியோவும் சாவோ பாலோவும் நானூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் இரண்டு நகரங்கள். இரண்டிலும் ஃபங்க் ஏழைகளின் இசை, கறுப்பின இளைஞர்களின் இசை, போலீஸ் வண்டியின் சுழல்விளக்கைப் பார்த்தே வளர்ந்த இசை. ஆனாலும் காதில் விழுவது ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் பலர் பாடல் வரிகளில் தேடுகிறார்கள். நான் ஒலிபெருக்கியில் தேடச் சொல்வேன். எந்த இடத்தில், எந்தப் பெட்டியிலிருந்து, யார் முன்னால் ஒலிக்கிறது என்பதுதான் இந்த இரண்டு ஃபங்க்கையும் இரண்டாக்கியது.

ரியோவிலிருந்து தொடங்குவதே முறை, அதுதான் மூத்தது. 1970-களில் அமெரிக்க சோல், ஃபங்க் இசைத்தட்டுகளைப் போட்டு வடபகுதி கிளப்புகளில் வார இறுதி நடனங்கள் நடந்தன. பைலி என்று பெயர். நடத்தியவை ‘சோல் கிராண்ட் பிரீ’, ‘ஃபுரக்காவோ 2000’ போன்ற ஒலிக்குழுக்கள். இந்தக் குழுக்களின் மூலதனம் பாடகர் அல்ல, பெட்டி. ஸ்பீக்கர் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர்போல எழுப்புவார்கள். எந்தக் குழுவின் சுவர் உயரம், யாருடைய பேஸ் விலா எலும்பை அதிகம் உலுக்குகிறது என்பதில்தான் போட்டி. 1980-களில் சோல் போய் மயாமி பேஸ் வந்தபோது அந்தச் சுவர்களுக்கு ஏற்ற தீனி கிடைத்தது. ‘டூ லைவ் குரூ’ போன்ற குழுக்களின் தட்டுகளில் 808 டிரம் மெஷினின் ஆழ்ந்த கிக் இருந்தது. ஆங்கிலம் புரியாத கூட்டம் தனக்குத் தோன்றிய போர்ச்சுகீசியச் சொற்களை அதன்மேல் போட்டுக் கோரஸாகக் கத்தியது.

மானுடவியல் ஆய்வாளர் எர்மானோ வியான்னா இந்த நடனங்களைப் பற்றி 1988-இல் ஒரு நூல் எழுதினார். ஆய்வுக்காகப் பழகிய டிஜே மார்ல்போரோவுக்கு அவர் ஒரு டிரம் மெஷினைப் பரிசாகவும் கொடுத்தார். ஆய்வாளர் வெளியில் நின்று பார்க்க வேண்டும் என்ற விதியை அவர் மீறியது நம் நல்வினை. 1989-இல் மார்ல்போரோ ‘ஃபங்க் பிரசில்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். போர்ச்சுகீசிய மொழியில் பாடப்பட்ட ஃபங்க் அதிலிருந்தே வேர்பிடித்தது. 1995-இல் ‘சிடேட் டி தேயுஸ்’ குடியிருப்பின் சிடின்யோவும் டோக்காவும் பாடிய ‘ராப் டா ஃபெலிசிடாடே’, பிறந்த இடத்தில் அச்சமின்றி வாழக் கேட்கும் பாட்டு, நாடெங்கும் பரவியது. ஆனால் அதுவரை தாளம் இரவல்தான். ‘வோல்ட் மிக்ஸ்’ என்ற ஒரு அமெரிக்கத் தாளத்துண்டு 90-களின் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு முதுகெலும்பாக இருந்தது.

அந்த இரவலைத் திருப்பிக் கொடுத்தது தம்போர்சாவோ. 90-களின் இறுதியில் டிஜே லூசியானோ டிரம் மெஷினில் உருவாக்கிய தாளம். கிக்குக்கு மேலே கைமேளங்களின் ஒலி. கன்டோம்ப்ளே வழிபாட்டிலும் கப்போயெய்ராவிலும் கேட்கும் அட்டபாக்கே மேளத்தின் நடை அதில் உள்ளே புகுந்தது. அடி சமமாக விழாது. மூன்று மூன்றாகத் துள்ளி, இடையில் ஒரு கணம் மூச்சு வாங்கி, கடைசியில் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். அந்தத் துள்ளலின் இடைவெளியில்தான் இடுப்பு அசைகிறது. நேரான நாலடியில் தலை மட்டுமே ஆடும். மயாமியிலிருந்து வந்த இயந்திரத்துக்கு ஆப்பிரிக்க வம்சாவழிக் கை முளைத்த இந்தத் தருணத்தைத்தான் ரியோ ஃபங்க்கின் உண்மையான பிறப்பு என்று நான் கருதுகிறேன். பத்தாண்டு கழித்து அதே தாளத்தை வாயாலேயே போட்டுப் பதிவுசெய்து மெஷினுக்குள் ஏற்றினார்கள். மேளம் மனிதத் தொண்டைக்கு வந்துசேர்ந்தது.

ரியோ பைலியில் டிஜே ஒரு வாத்தியக்காரர். அவர் முன்னால் இருப்பது எம்பிசி. பதினாறு ரப்பர் கட்டங்கள் கொண்ட சிறிய பெட்டி. ஒரு கட்டத்தில் கிக், ஒன்றில் கைமேளம், ஒன்றில் யாரோ கத்திய ஒற்றைச் சொல். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் அந்தக் கட்டங்களில் கோழி கொத்துவதுபோல் விழுந்துகொண்டிருக்கும். கூட்டம் சோர்ந்தால் விரல் ஒரு அடியை விழுங்கும், கூட்டம் ஏங்கும், அடுத்த அடி இரட்டிப்பாகத் திரும்பி வரும். ஒரே சுவர், ஒரே டிஜே, அவர் கண்ணெதிரே ஆயிரக்கணக்கானோர். இந்த ஏற்பாட்டில் இசை உரையாடலாகிறது. மேடைக்கும் தரைக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டே இருக்கிறது.

சாவோ பாலோவின் கதையில் இந்த ஒற்றைச் சுவர் இல்லை. ஃபங்க் அங்கே நேராக வரவில்லை. சாந்தோஸ், சாவோ விசென்டே என்று துறைமுகத்தை ஒட்டிய கடற்கரை ஊர்களில் முதலில் காலூன்றி, பிறகு மலையேறி நகரத்துக்குள் வந்தது. கடற்கரையில் அது பட்ட துயரம் கொடியது. 2010-க்கும் 2012-க்கும் இடையில் அப்பகுதியின் எம்சிகள், அதாவது ஃபங்க் பாடகர்கள், அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நகரத்துக்குள், சிடேட் திராடென்டேஸ் போன்ற கிழக்குக் கோடியில், அதுவரை குற்றத்தையும் சிறையையும் பாடிவந்த பாட்டு வேறு திசைக்குத் திரும்பியது. கார், பைக், தங்கச் சங்கிலி, விலை உயர்ந்த கண்ணாடி. ஒஸ்தென்டசாவோ, அதாவது ஆடம்பர ஃபங்க். குவாருஜாவைச் சேர்ந்த கோன்ராட் டான்டஸ், ‘கோன்ட்ஸில்லா’ என்ற பெயரில், இந்தப் பாடல்களுக்குச் சினிமாத் தரத்தில் வீடியோ எடுத்தார். ரியோவின் பைலிக்குப் போனால்தான் ரியோ ஃபங்க். சாவோ பாலோ ஃபங்க்கோ யூடியூப்பில் தட்டினால் போதும் என்ற நிலைமை வந்தது. அதன் முன்னணிப் பாடகர் எம்சி டலெஸ்டே 2013 ஜூலையில் கம்பினாஸ் நகர மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். வயது 20.

யூடியூப்பின் உச்சம் எம்சி ஃபியோட்டி. 2017-இல் வந்த ‘பும் பும் தாம் தாம்’ பாட்டில் பாஹ்கின் தனிப்புல்லாங்குழல் படைப்பிலிருந்து ஒரு துண்டு. யூடியூப்பில் 100 கோடிப் பார்வையைத் தொட்ட முதல் பிரேசில் வீடியோ அதுவே. 2021 ஜனவரியில் அதே பாட்டைத் தடுப்பூசிப் பாட்டாக மாற்றி, சாவோ பாலோவின் புட்டான்டான் ஆய்வு நிறுவன வளாகத்திலேயே ஃபியோட்டி படம்பிடித்தார். ஆய்வுக்கூட ஊழியர்கள் ஆடினார்கள். நாட்டின் அதிபரே தடுப்பூசியைக் கேலி செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் ஃபங்க் மருத்துவத்தின் பக்கம் நின்றதை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை.

ஆனால் சாவோ பாலோ ஃபங்க்கின் முரட்டு வீரியம் வீடியோவில் இல்லை, தெருவில் இருக்கிறது. அங்கே நடனக் கூட்டத்துக்கு ஃப்ளுக்ஸோ என்று பெயர். அரங்கு கிடையாது, மேடை கிடையாது. சனிக்கிழமை இரவு ஒரு தெருவில் கார்கள் வந்து நிற்கும். டிக்கியைத் திறந்தால் உள்ளே துணிமணி வைக்க இடமிருக்காது. கீழே பெரிய வூஃபர்கள், மேலே வரிசையாகக் கூம்பு ஸ்பீக்கர்கள். ஒரு காருக்குப் பத்தடி தள்ளி இன்னொரு கார், அதில் வேறு பாட்டு. போலீஸ் வந்தால் டிக்கி மூடப்படும். அரைமணி நேரத்தில் இன்னொரு தெருவில் திறக்கப்படும். டிஜே அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் தன் வீட்டுக் கணினியில் செய்த பாட்டு பென்டிரைவிலும் செல்போனிலும் வந்து சேர்ந்திருக்கும்.

இந்தச் சூழலில் ஒரு பாட்டு பிழைக்க என்ன வேண்டும்? பக்கத்துக் காரைக் கிழித்துக்கொண்டு கேட்க வேண்டும். நுணுக்கமான கைமேளம் இங்கே கரைந்துபோகும். கூம்பு ஸ்பீக்கருக்குப் பிடித்தது நடு, உயர் அலைவரிசைகள். கூம்பு அவற்றைக் குவித்து நேராகத் தள்ளும், அவை சுவரில் பட்டுத் தெறிக்கும். மண்டெலாவோ என்று அழைக்கப்படும் சாவோ பாலோ பாணியை இந்தக் கணக்கோடு கேட்டுப் பாருங்கள், எல்லாம் புரியும். வேண்டுமென்றே உடைக்கப்பட்ட கிக், கரகரவென்று கிழிந்த பேஸ், நடுவில் திடீர் வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் காதைத் துளைக்கும் ஒரே ஒரு ‘டூயீன்’ ஒலி. போதையில் காதுக்குள் எழும் ரீங்காரத்தை அப்படியே பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்த ஒலி அது. டிஜே கே 2023-இல் வெளியிட்ட ‘பானிகோ நோ சுப்முண்டோ’ தொகுப்பு இதன் உச்சம். தன் பாணிக்கு அவர் வைத்த பெயர் சூனியம் என்று பொருள்படும் ‘புருஷரியா’. திகில் படத்துச் சிரிப்பு, சைரன், அலாரம் எல்லாம் அதில் தாள வாத்தியங்கள். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் முந்திக்கொண்டு அதை வெளியிட்டது உகாண்டாவின் ‘ன்யேகே ன்யேகே’ நிறுவனம்.

வேகத்திலும் இரு நகரங்களும் பிரிந்தன. ஃபங்க்கின் பழைய வேகம் நிமிடத்துக்கு 130 அடி. 2016 வாக்கில் ரியோவின் மாரே குடியிருப்பைச் சேர்ந்த டிஜே பாலிவாக்ஸ் அதை 150-க்கு ஏற்றினார். பென்யா பகுதியின் ‘பைலி டா கயோலா’வில் டிஜே ரென்னான் டா பென்யா அதை நகரத்தின் வேகமாகவே ஆக்கினார். சாவோ பாலோ பெரும்பாலும் 130-லேயே நின்றது. ரியோ ஓடிப் பார்த்தது. சாவோ பாலோ நின்ற இடத்திலேயே எடையைக் கூட்டியது. காரணம் கால்கள் என்று நினைக்கிறேன். ரியோவில் பசின்யோ என்ற நடனம் இருக்கிறது. சாம்பா, ஃப்ரெவோ, பிரேக் டான்ஸ் எல்லாவற்றையும் பாதத்தில் சுற்றிக்கொண்ட சிறுவர்களின் ஆட்டம். 2008-இல் யூடியூப்பில் ஏறிய ஒரு வீட்டு வீடியோ அதை நகரம் முழுக்கப் பரப்பியது, 2011-இல் போட்டிகள் தொடங்கின, 2018-இல் நகரத்தின் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. கால் அவ்வளவு வேகமாகப் பின்னும்போது தாளம் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். சாவோ பாலோவிலும் ஜார்டிம் ரொமானோ பகுதியிலிருந்து கிளம்பிய ‘பசின்யோ டோ ரொமானோ’ உண்டு, கோணல்மாணலாகத் தோளையும் கையையும் வெட்டும் அழகான ஆட்டம். ஆனாலும் நெரிசலான ஃப்ளுக்ஸோவில் பெரும்பாலோர் நின்ற இடத்தில் ஆடுகிறவர்கள்தான். அவர்களுக்கு அதிர்ச்சிதான் தேவை.

குரலைப் பற்றிச் சொல்லும்போது என் மனம் ரியோ பக்கம் சாய்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஃபங்க் வரிகளில் பச்சையான காமம் இரு நகரங்களிலும் உண்டு. அதைக் காட்டி முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் காமத்தை யார் பேசுகிறார்கள் என்பது முக்கியம். 2000-களின் தொடக்கத்தில் ரியோவில் தாதி கெப்ரா பர்ராக்கோ, டெய்ஸி டிக்ரோனா ஆகியோர் மைக்கைப் பிடித்தார்கள். ஆண்கள் பெண்களைப் பற்றிப் பாடிய அதே தொனியில் அவர்கள் ஆண்களைப் பற்றியும் தங்கள் ஆசையைப் பற்றியும் பாடினார்கள். வீட்டு வேலை செய்து பிழைத்த டெய்ஸியின் ‘இஞ்செசாவோ’ பாட்டில் ‘ராக்கி’ படத்தின் எக்காள இசை வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பாட்டின் மேல்தான் 2005-இல் பாடகி எம்.ஐ.ஏ. தன் ‘பக்கி டன் கன்’னைக் கட்டினார். ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, லண்டனில் அகதியாக வளர்ந்தவர். தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே தன் முதல் இசைத்தொகுப்புக்குச் சூட்டியவர். ரியோவின் ஃபவேலாப் பெண் குரலையும் ஈழத்துப் பெண் குரலையும் ஒரே தாளம் சுமந்த அந்தப் பாட்டு, ஃபங்க்கைக் கேட்டிராத பல நாடுகளுக்கு அதைக் கொண்டுபோனது.

சாவோ பாலோவில் பாடும் பெண்கள் இல்லாமலில்லை. ஆனால் மண்டெலாவோவின் செய்முறையே குரலுக்குப் பாதகமானது. எங்கோ பாடிய நான்கு வரியை இரண்டு நொடித் துண்டாக வெட்டி, வாத்தியம்போல் திரும்பத் திரும்ப அடிக்கும்போது பாடியவரின் ஆளுமை போய்விடுகிறது. பெண்ணைப் பற்றிய ஆணின் கட்டளை மட்டும் நூறுமுறை ஒலித்து மிஞ்சுகிறது. ஒலியில் இவ்வளவு துணிந்த கலைஞர்கள் இந்த இடத்தில் மட்டும் சோம்பேறிகளாக இருப்பது எனக்கு வருத்தம்.

அரசாங்கம் இரு நகரங்களிலும் ஃபங்க்கை ஒடுக்கியது, ஆனால் ஒடுக்கிய விதத்திலும் இடத்தின் சாயல் இருக்கிறது. ரியோவில் பைலி ஓரிடத்தில் நிலைத்து நடந்ததால் சட்டத்தால் அதைப் பிடிக்க முடிந்தது. 90-களில் சில பைலிகளில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது உண்மை. அதைக் காரணம் காட்டி விசாரணைக் குழு, பிறகு 2000-இலும் 2008-இலும் கட்டுப்பாட்டுச் சட்டங்கள். ஃபங்க் கலைஞர்கள் திரண்டு போராடியதால் 2009 செப்டம்பரில் ரியோ மாநிலம் ஃபங்க்கைப் பண்பாட்டு இயக்கமாக அங்கீகரித்துச் சட்டம் இயற்றியது. ஆனால் அதே காலத்தில் ஃபவேலாக்களுக்குள் நிரந்தரக் காவல் நிலைகள் அமைக்கும் திட்டம் பரவியது. காவல் அதிகாரியின் அனுமதி இல்லாமல் பைலி நடத்த முடியாத நிலை. சட்டம் வாழ்த்தியதைக் காவல் நிலையம் மூடியது. சுவர்கள் மௌனமான அந்த ஆண்டுகளில்தான் சாவோ பாலோ முன்னுக்கு வந்தது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

சாவோ பாலோவில் பூட்டு போடக் கதவே இல்லை. நகரமன்றம் தெரு நடனங்களைத் தடை செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. மேயர் ஃபெர்னாண்டோ ஹட்டாட் 2014 ஜனவரியில் அதற்கு ஒப்புதல் மறுத்தார். அந்தத் தடைச்சட்டம் இல்லாத இடத்தில் லத்தியும் கண்ணீர்ப்புகையும் வேலை செய்தன. 2019 டிசம்பர் 1 அதிகாலை, பரைசோபோலிஸ் குடியிருப்பில் ‘டிஸெட் 7’ என்ற நடனக் கூட்டத்துக்குள் இராணுவக் காவல்படை நுழைந்தது. குறுகிய சந்துகளில் சிக்கி ஒன்பது பேர் இறந்தார்கள். மிக இளையவருக்கு 14 வயது, மூத்தவருக்கு 23. அதே 2019-இல்தான் ரியோவில் ரென்னான் டா பென்யாவுக்குப் போதைக் கும்பலுக்குத் துணைபோனதாக ஆறு ஆண்டு எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அவர் சிறையில் இருந்தபோதே அவர் பாட்டு நாட்டின் பெரிய இசை விருதுகளில் ஒன்றில் ஆண்டின் சிறந்த பாடலானது. நவம்பரில் வெளியே வந்தார். ஒரு நகரத்தில் டிஜேயைப் பிடித்தார்கள், மற்றதில் கூட்டத்தை மிதித்தார்கள்.

இப்போது நம்மூர் இளைஞர்களின் உடற்பயிற்சி ரீல்களில் ‘பிரேசில் ஃபோங்க்’ என்று ஒன்று உறுமிக்கொண்டிருக்கிறது. அதில் பலவற்றைச் செய்கிறவர்கள் பிரேசிலுக்கு வெளியே, கணினி முன்னால் இருப்பவர்கள். சாவோ பாலோவின் கிழிந்த பேஸை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் காரணமான தெருவை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அது முதல் அரை நிமிடத்தில் மிரட்டுகிறது, இரண்டாவது நிமிடத்தில் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. கூட்டம் இல்லாத ஃபங்க் சீக்கிரம் களைத்துப்போகும்.

மூலத்தைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். ‘ராப் டா ஃபெலிசிடாடே’யில் தொடங்குங்கள், அமெரிக்கத் தாளத்தின் மேல் ரியோவின் குரல் தெரியும். அடுத்து டெய்ஸியின் ‘இஞ்செசாவோ’, உடனே எம்.ஐ.ஏ.யின் ‘பக்கி டன் கன்’. பிறகு ரென்னானின் 150 வேகப் பாட்டுகளில் ஒன்று. அங்கிருந்து ‘பைலி டி ஃபவேலா’வுக்கு வந்து, கடைசியாக டிஜே கேயின் தொகுப்பை முழுதாகக் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸ் மொத்தமும் தொலைந்து, இரண்டு நகரங்களும் ஒன்றுபோலக் கேட்கும். ரியோவின் பாட்டுகளுக்கு நல்ல வூஃபர் உள்ள பெட்டி கிடைத்தால் போதும். டிஜே கேயை மட்டும் காருக்குள் போடுங்கள். கதவுகளைத் திறந்துவைத்து, இறங்கி, இருபதடி தள்ளி நின்று கேளுங்கள்.